இடது குதிகால்

1

சென்ற வாரம் மணப்பாறையில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்த படம் கைப்பேசிக்கு வந்தபோது, நான் கரங்கான் காலைச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். படத்தைத் திறந்தவுடன் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். முகத்தை அல்ல. போர்த்தியிருந்த துணிக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. இடது கால். அதன் குதிகாலைப் பார்த்தேன். சிவந்து, சுருங்கி, அதில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

சற்று நேரத்தில் தங்கையே அழைத்தாள். யார் ஜாடை என்று கேட்டாள். இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவளுக்கு வருத்தம். வெளிநாட்டுக்குப் போனால் மனுசி இப்படித்தான் ஆகிவிடுவாளா என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா என்னிடம் சொன்னார்.

அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொல்கிற விஷயமாக இது இல்லை. ஊரில் இருக்கிற நீங்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது சம்பளம் எவ்வளவு, மழை பெய்கிறதா, அங்கே தமிழ் பேசுவார்களா என்பதுதான். மூன்றுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. இதை யாரும் கேட்டதில்லை.

2

கல்யாணமாகி நான் மலாய் நாட்டில் இந்தக் கெடாவுக்கு வந்தபோது, தோட்டம் என்று இவர்கள் சொல்வதெல்லாம் எனக்குப் பூந்தோட்டமாகத்தான் கேட்டது. தோட்டம் என்றால் எஸ்டேட். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. என் கணவர் கணேசன் பிறந்தது அப்படி ஒரு தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டில். லயத்தை இடித்த பிறகு குடும்பம் கரங்கானில் ஒரு தாமானுக்கு, அதாவது வரிசை வீடுகள் உள்ள குடியிருப்புக்கு, வந்துவிட்டது. வீட்டில் மாமனார், கணேசனின் அக்கா விஜயா, நாங்கள் இருவர். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். விஜயாவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கணேசனைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. அவருடைய கணவர் பினாங்குக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதானே நம் வழக்கம். இங்கே தங்குவதற்கான என் பாஸ் புதுப்பிக்கிற காலமும் பேறுகாலமும் ஒன்றாக வந்தன. ஊருக்குப் போய்த் திரும்புவதில் சிக்கல் வந்துவிடுமோ என்று பயந்து போகவில்லை. அம்மாவை வரவழைக்கலாம் என்றால், அவருடைய கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறொரு பெயரும் இருந்தன. அது சரியாகி அம்மா விமானம் ஏறியபோது என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

ஆகவே பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்து இறங்கியது இந்த வீட்டு வாசலில். ஒரு மருமகளுக்கு இதைவிட அன்பான வரவேற்பு கிடைக்காது. வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். தோட்டத்துக்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். பழைய லயத்தில் ஒன்றாக இருந்து இப்போது கூலிம், செமிலிங் என்று சிதறிப்போனவர்கள். ஒரு பிள்ளை பிறந்ததற்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

அண்ணி ஆரத்தி எடுத்தார். எடுத்து முடித்தவுடன் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினார். துணியை விலக்கி இடது காலை வெளியே எடுத்தார். குதிகாலைப் பார்த்தார். அங்கே கட்டைவிரல் அகலத்தில் கறுப்பாக ஒரு மச்சம். பிறந்த அன்றே நர்ஸ் காட்டியிருந்தார். யாரோ தேய்த்துவிட்டது போல ஓரம் மங்கலாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை, நாளாக நாளாக வெளிறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணி அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்தார். சரியாகப் பொருந்தியது. பிறகு பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, மெதுவாக, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டார்.

"வந்துட்டியா?"

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளையை வாங்கினார்கள். ஒவ்வொருவரும் அதையேதான் செய்தார்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடினார்கள். சிலர் அழுதார்கள். ஒருவரும் யார் ஜாடை என்று கேட்கவில்லை. கைமாறிக் கைமாறிப் போன என் மகள் அத்தனை நேரமும் ஒரு முனகல்கூட இல்லாமல் கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தாள்.

இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளிநாட்டில் புரியாத எதற்கும் நாம் வைத்துக்கொள்கிற முதல் விளக்கம் அதுதானே.

3

பிள்ளைக்கென்று ஓர் அறையைத் தயாராக வைத்திருந்தார்கள். சுவருக்கு மாமனார் தன் கையாலேயே மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார். துணிகளை அண்ணி துவைத்து அடுக்கியிருந்தார். எல்லாம் பெண்பிள்ளைத் துணிகள். எனக்கு ஸ்கேனில் என்ன பிள்ளை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மடித்த துணிகளுக்கு அடியில் ஐந்து வயதுப் பிள்ளை போடுகிற அளவில் ஒரு கவுன் இருந்தது. வெளிர்நீலம், கழுத்தில் வெள்ளைப் பட்டி. புதிதல்ல. பலமுறை துவைத்து மெலிந்த துணி. யாருடையது என்று கேட்டேன். "அவளோடதுதான். வளந்ததும் போட்டுக்குவா," என்றார் அண்ணி.

பத்திய நாட்களில் அண்ணி என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை. வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். மஞ்சளும் மிளகும் பூண்டும் அரைத்துக் குழம்பு, மலாய்க்காரப் பாட்டியிடம் வாங்கிய மூலிகை, வயிற்றில் இறுக்கிக் கட்ட நீளத் துணி, எல்லாம் முறையாக நடந்தன. கிளினிக்கிலிருந்து வருகிற மிஸ்ஸி, இங்கே நர்ஸை அப்படித்தான் சொல்வார்கள், இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைப்பார் என்று என்னிடமே சொன்னார். உண்மைதான். என் அம்மா வந்திருந்தாலும் இந்த அளவு பார்த்திருக்கமாட்டார்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. பகலில் பிள்ளை வீறிட்டு அழும். பால் கொடுத்தும் நிற்காது, தோளில் போட்டும் நிற்காது. அப்போது அண்ணி அடுக்களையில் இருந்தபடியே, கையில் இருக்கிற வேலையை விடாமல், ஒரே ஒரு தடவை குரல் கொடுப்பார்.

"லினி."

அழுகை நின்றுவிடும். படிப்படியாக ஓய்வது அல்ல. திருகிய குழாய் போல நிற்கும்.

பிள்ளைக்கு அப்போது பெயர் வைக்கவில்லை. நான் மனதில் வைத்திருந்தது கயல். கணேசனிடம் சொல்லியிருந்தேன், அவரும் சரி என்றிருந்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது மாமனாரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "மீனு பேரு வேணாம்மா," என்றார். அண்ணி எழுந்து தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் அண்ணி சந்தைக்குப் போயிருந்தார். மாமனார் வாசலில் இருந்தார். பிள்ளை அழுதது. கயல் என்று கூப்பிட்டேன். கயல்மா, கண்ணு, தங்கம் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அழுகை ஏறிக்கொண்டே போனது. முகம் கறுத்து, மூச்சு அடைத்து அழுதது. வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டில் துணி உதறுகிற சத்தம் கேட்டது. நான் குனிந்து, எனக்கே கேட்காத குரலில், "லினி" என்றேன்.

நின்றுவிட்டது. நின்று, என்னைப் பார்த்தது. அவ்வளவு சின்னப் பிள்ளைக்குப் பார்வை நிலைக்காது என்பார்கள். என்னைத்தான் பார்த்தது. எனக்குத் தெரியாத யாரோ என் மடியில் படுத்துக்கொண்டு, சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய் என்று சொல்வது போல இருந்தது.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி அந்தப் பெயரைச் சொல்லவும் இல்லை. அழுதால் அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

4

பிறப்பைப் பதிய வேண்டிய காலக்கெடு நெருங்கியதும் நானும் கணேசனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூலிமுக்குப் போனோம். அலுவலக வாசலில் காடியை நிறுத்தியவர் இறங்கவில்லை. கார் என்பதை இங்கே காடி என்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா ஒரு பெயர் சொல்லியிருக்கிறார் என்றார். ஷாலினி.

யார் ஷாலினி என்று நான் கேட்டேன். அங்கே உட்கார்ந்தபடிதான் அவர் சொன்னார்.

ஷாலினி அண்ணியின் மகள். ஐந்து வயது. கணேசன் அப்போது பள்ளி மாணவர். லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை இருந்தது. மழை விட்ட ஒரு மத்தியானம், அண்ணி அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தார். துவைத்ததைக் கொடியில் போடத் திரும்பியிருக்கிறார். ஒரு போர்வை, இரண்டு சட்டை. அதைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை இல்லை. ஓடையின் கீழ்ப்பக்கத்தில், புல் மண்டிய இடத்தில்தான் கிடைத்தாள்.

அந்தத் தோட்டத்துக்குச் சைக்கிளில் பலகாரம் விற்க வருகிற சயாம்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். கெடாவில் சயாம்காரர்கள் நிறையப் பேர், எல்லை பக்கத்தில்தானே. அவள் சாவு வீட்டுக்கு வந்து மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். சின்னப் பிள்ளை செத்தால் பானைக்கரியை எடுத்து உடம்பில் ஓர் அடையாளம் வையுங்கள். பிள்ளைக்குத் திரும்பி வர விருப்பம் இருந்தால் அதே வீட்டுக்கு அதே அடையாளத்தோடு வரும். மாமனார் சோற்றுப் பானையின் அடியில் விரலைத் தேய்த்து, பேத்தியின் இடது குதிகாலில் வைத்தார். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார்கள்.

அதற்கப்புறம் அண்ணி அழவில்லை என்றார் கணேசன். கருமாதி வேண்டாம், தெவசம் வேண்டாம் என்றார். வரப்போகிறவளுக்கு எதற்கு என்று கேட்டாராம். துணிகளை எடுத்து வைத்தார். சொந்தத்தில் எங்கே பிள்ளை பிறந்தாலும் போய்க் காலைப் பார்த்துவிட்டு வந்தார். இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல்தான் அவர் கணவர் பினாங்குக்குப் போனார்.

எனக்கு மணப்பாறை ஞாபகம் வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர் அண்ணிதான். அவ்வளவு தூரம் தனியாக விமானம் ஏறி வந்திருந்தார். என் படிப்பைக் கேட்கவில்லை, நகையைக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று: "உங்க வீட்டுல பொம்பளப் புள்ளைங்க அதிகமா?" ஆமாம், நாங்கள் நான்கு பெண்கள் என்றேன். அண்ணி சிரித்தார். பெண்பிள்ளைகள்மேல் இவ்வளவு பிரியமா என்று அம்மாவும் நானும் அன்று பேசிப் பேசிப் பூரித்தோம்.

அந்த வெயிலில் காடிக்குள் எனக்குக் குளிர்ந்தது. என்னை இவர்கள் தேடி எடுத்தது ஒரு வாசலாக. யாரோ உள்ளே வருவதற்காக.

நம் ஊரிலும் செத்துப்போனவரே வந்து பிறந்திருக்கிறார் என்று சொல்வோம். சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க எழுந்துவிடுவோம். இங்கே ஒரு வீடே அந்தச் சொல்லோடு இருபது வருடமாக உட்கார்ந்திருந்தது.

நான் பிள்ளையோடு இறங்கினேன். கயல் என்றுதான் பதிய வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குப் போய்விடுவேன் என்றேன். கணேசனும் இறங்கி வந்து படிவத்தை நிரப்பினார். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மா பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெயர்தானா, நிச்சயமா என்று மலாயில் கேட்டார். கணேசன் என் பக்கம் திரும்பி, மலாயில் கயால் என்றால் கனவு மயக்கம், இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொண்டு திரிவது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் மீன் என்று நினைத்து வைத்த பெயர் ஒரு மொழியில் என் நாத்தனாரைச் சோற்றிலிருந்து எழ வைத்தது, இன்னொரு மொழியில் இப்படி. இருந்தாலும் அதையே பதிந்தோம்.

வீட்டுக்கு வந்து நானே அண்ணியிடம் போய்ச் சொன்னேன். சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். அண்ணி பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"பேரு உன் இஷ்டம் கலா. பேரா வந்துச்சு? புள்ளதானே வந்துச்சு."

5

அப்படியே வருடங்கள் ஓடின. வெளியிலிருந்து பார்த்தால் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். கணேசனுக்குக் கூலிம் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். நான் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அண்ணி இருந்தார், மாமனார் இருந்தார். அவர்கள் இருவரும் ஒரு நாளும் அவளை அடித்ததில்லை, அதட்டியதில்லை. நான் கயல் என்பேன். அவர்கள் லினி என்பார்கள். அவள் இரண்டுக்கும் திரும்புவாள். எது முதலில் என்று நான் கவனிப்பதை நிறுத்த ரொம்பக் காலம் பிடித்தது.

பாலர் பள்ளிக்குப் போனதும் அவளுடைய தமிழ் மாறியது. ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டால் "நந்தி, நந்தி" என்றாள். சிவன் கோயில் நந்தியை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று விழித்தேன். மலாயில் அதற்குப் பொறு என்று அர்த்தமாம். சிரித்துக்கொண்டே என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. பேத்தி பேசுவது பாதி புரிவதில்லை என்றார். உண்மையில் எனக்கு அந்த மலாய்ச் சொற்கள் ஆறுதலாக இருந்தன. அவை பள்ளியிலிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும். மற்றவை எங்கிருந்து வருகின்றன என்று தெரியாது.

மற்றவை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. துணி காய்கிற கொடிக்கு அடியில் போகமாட்டாள், சுற்றிக்கொண்டுதான் போவாள். சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடிப்போய் நிற்பாள். பிள்ளைகளுக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும்.

நான்கு வயதில் அவளை அந்தப் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனோம். லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. வரிசைக்கு வரிசை ஒரே மாதிரி மரங்கள், உள்ளே போனால் மத்தியானத்திலும் இருட்டு. சாமி புறப்பாட்டுக்கு நேரம் இருந்தது. கயல் என் கையை விட்டு மரங்களுக்கு இடையே நடந்தாள். நான் பின்னால் போக எழுந்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள். மேளக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார். அவள் கொஞ்ச தூரம் போனாள், நின்றாள், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மரத்தோரம் ஜோடியாக வைத்தாள். வீட்டுக்குள் போகிறவர்கள் வைப்பது போல.

"அதுதான் நம்ம வாசல்," என்றார் மாமனார், யாரிடமும் அல்லாமல்.

பிள்ளைகள் எங்கேயாவது உட்காரத்தான் செய்வார்கள். செருப்பையும் கழற்றுவார்கள். நான் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

6

ஐந்து வயது நடந்த வருடத்தை நான் எப்படிச் சொல்வது.

அண்ணி மெலிந்துபோனார். குளியலறையில் வாளியில் தண்ணீர் நிற்க விடமாட்டார். பிள்ளையைக் குழாயடியில் குவளை குவளையாக ஊற்றித்தான் குளிப்பாட்டுவார். மழை வந்தால் வாசல் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பாலர் பள்ளி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போவதாகத் தாள் அனுப்பியபோது, கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பச் சொன்னார். நானும் சரி என்றேன். அங்கேதான் எனக்கு என்னைப் பற்றியே பயம் வந்தது. நான் நம்பவில்லை என்றால் ஏன் சரி என்றேன்? என் மகள் கயல், கயல் மட்டும்தான் என்றால், ஐந்து வயது என்ற சொல் எனக்கு ஏன் ஒரு கெடு போலக் கேட்டது?

அந்த வருடம் எனக்கும் அண்ணிக்கும் இடையே முன்பு இல்லாத ஒரு நெருக்கம் வந்தது. இரண்டு பேரும் ஒரே பிள்ளையைக் காவல் காத்தோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கடைக்குப் போகும்போது அண்ணியைப் பார்ப்பேன், அவர் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வயதுப் பிறந்தநாள் வந்தது, போனது. அந்த வெளிர்நீலக் கவுனை அண்ணி எடுத்துப் போட்டுவிட முயன்றார். தோளில் ஏறவில்லை. பிள்ளை அதைவிடப் பெரிதாகிவிட்டிருந்தாள். அண்ணி கவுனை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, பசியாறும்போது, காலைச் சாப்பாட்டை இங்கே பசியாறுவது என்பார்கள், கயல் ரொட்டியைக் கடித்துவிட்டு வாயிலிருந்து எதையோ எடுத்தாள். முன்பல். ரத்தம் கொஞ்சம். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நேராக அத்தையிடம் ஓடி வாயை அகலத் திறந்து காட்டினாள்.

அண்ணி குனிந்து பார்த்தார். தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். அந்த ஓட்டையை அவ்வளவு நேரம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பிள்ளையின் முகத்தை, அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பவர் போலப் பார்த்தார். புருவம், மூக்கு, காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பார்த்திருக்க வேண்டிய பார்வை அது.

"கயலு," என்றார்.

ஆறு வருடத்தில் முதல் தடவை. பிள்ளை சாதாரணமாக "ஆ" என்றாள்.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் பிள்ளையை மாமனாரிடம் அனுப்பிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு ஒரு பல்லுகூட விழல கலா. இது யாரு புள்ள?"

"நம்ம புள்ள அண்ணி."

"அது தெரியும். அப்போ அவ எங்க? இத்தன நாளு இங்க இருக்கானு நெனச்சு நான் தேடவே இல்லையே."

அப்போதுதான் அழுதார். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஒரு வீட்டில் அழாமல் வைத்திருந்த அழுகை எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். சத்தம் கேட்டு மாமனார் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அண்ணியின் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தேன். இவரைப் பார்த்து எத்தனை வருடம் பயந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பயம் தீரவில்லை. அவர் கேட்டது என் தலைக்குள்ளேயே சுற்றியது. அப்படியானால் அவள் எங்கே?

7

சென்ற வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில், காலை வேளையில், எல்லோருமாகத் தோட்டத்துக்குப் போனோம். தெவசம் என்று சொல்ல முடியாது. எந்தத் திதி என்பதே யாருக்கும் தெரியவில்லை. கோயில் பூசாரியிடம் கேட்டோம். மனசு வந்த நாளே நல்ல நாள், பிள்ளைக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிட்டு வாருங்கள் என்றார். அண்ணி அதிகாலையில் எழுந்து பால்சோறும் உளுந்து வடையும் செய்தார். ஒரு பொட்டலம் இனிப்பும் வாங்கிக்கொண்டோம்.

இடுகாடு செம்பனைக்கு உள்ளே, மண்பாதையின் கடைசியில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் கல் வைப்பதில்லை. எங்கே என்பது மாமனாருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கைத்தடியால் புல்லை விலக்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். கணேசன் புல்லைச் செதுக்கினார். அண்ணி இலை விரித்துப் படைத்தார். கற்பூரம் காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. கவுனைக் கொண்டுவந்திருந்தார். அதை மடிப்புக் கலையாமல் மண்மேல் வைத்து, நான்கு பக்கமும் கல் வைத்தார்.

கயல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்குச் சோறு என்று கேட்டாள். நானும் கணேசனும் ஒருவரையொருவர் பார்த்தோம். அண்ணிதான் பதில் சொன்னார்.

"உன் அக்காவுக்கு."

கயல் அதை யோசித்தாள். தனக்கு அக்கா உண்டு என்பது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை போலிருந்தது. விழுந்து கும்பிடச் சொன்னோம், கும்பிட்டாள். ஒரு வடையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள், அண்ணி எடுத்துக் கொடுத்தார்.

கும்பிட்டு முடித்துக் காடிக்குத் திரும்பி நடந்தோம். அண்ணியின் நடையில் ஒரு லேசு இருந்தது. மாமனார் முன் இருக்கையில் ஏறினார். கணேசன் என்ஜினை முடுக்கினார். பின்னால் நான் ஒரு கதவோரம். கயல் ஏறி என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மறு கதவு வழியாக அண்ணி ஏற வேண்டும். நடுவில் என் கைப்பை கிடந்தது. அண்ணி உள்ளே வரக் குனிந்தார்.

"இருங்க அத்தே," என்றாள் கயல். "அக்கா ஏறட்டும்."

அண்ணி நிமிர்ந்தார். கணேசன் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வெளியே மரங்களுக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை. கயல் வடையைத் தின்றுகொண்டே திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது மெதுவாக நடந்து வந்தால் நாம் பார்ப்போமே, அப்படி.

அண்ணி கதவைப் பிடித்தபடி நகர்ந்து வழிவிட்டு நின்றார். ஒரு சின்னப் பிள்ளை காடிக்குள் ஏறி உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார்.

நான் கைப்பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.